கல்யாணத்துக்கு வந்த ஐஸ்

கள்ளக்குறிச்சி ஐஸ் கம்பெனியில் எங்களுக்கு எப்போதும் கடைசி ஐஸ்தான். கதவு திறப்பதற்கு முன்பே போய் முதல் ஆளாக நின்றாலும் கடைசிதான். மீன் வியாபாரிகள் வண்டியோடு வருவார்கள், மொத்தமாக எடுப்பார்கள். அவர்களுக்குத் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு, இல்லை, எடுத்த குளிரோடு, கண்ணாடி மாதிரி பாளம் பாளமாகப் போகும். பிறகு சோடாக் கடைக்காரர்கள், பிறகு ஜூஸ் கடைக்காரர்கள். எல்லோரும் போன பிறகு, "இன்னாம்மா, நீ இன்னும் இங்கதான் நின்னுக்கினு இருக்கியா?" என்று கம்பெனிக்காரர் என்னைக் கேட்பார். காலையிலிருந்து அவர் கண் முன்னால்தான் நின்றிருப்பேன்.

எங்களுக்குக் கிடைக்கும் பாளத்தில் நடுவில் வெள்ளையாகத் தண்டு ஓடியிருக்கும். சில நாள் அந்தத் தண்டு உறையாமல் தண்ணீராகவே இருக்கும். அப்படிப்பட்ட ஐஸ் வழியிலேயே இரண்டாகப் பிளந்துவிடும். நான் சண்டை போடுவேன். "நாங்க குடுக்கறது காசு இல்லையா, கூழாங்கல்லா?" என்று கேட்டிருக்கிறேன். அவர் சிரிப்பார். சில்லறை வாங்குகிறவளின் கோபம் எந்த முதலாளியையும் எதுவும் செய்துவிடாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

அப்பா ஐஸ்கிரீம் போடுகிறவர். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீடு. கோமுகி அணைக்கு ஜனங்கள் வருகிற நாளில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கே போவார். முகூர்த்த நாளில் கல்யாண வீடுகளுக்கு ஆர்டர் எடுப்பார். எனக்குக் கல்யாணம் ஆகி அடுத்த தெருவில்தான் இருந்தேன் என்பதால் தொழிலை விட்டு நான் போகவே இல்லை. ஐஸ் எடுக்கப் போவது என் வேலை. அப்பாவுக்கு யாரிடமும் சண்டை போடத் தெரியாது. அவரை அனுப்பினால் தண்டு மட்டும்தான் வரும், சுற்றி ஐஸ் இருக்காது என்று அம்மா சொல்லுவாள்.

பாளத்தை உமி போட்டு, சாக்கில் சுற்றி, டவுன் பஸ்ஸின் மேலே ஏற்றிக் கொண்டுவருவேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் மேல் சொட்டும். மழையா என்று கையை வெளியே நீட்டிப் பார்ப்பார்கள். கண்டக்டர் என்னை முறைப்பார். வீடு வந்து சாக்கைப் பிரித்தால் பாளம் ஒரு சுற்று இளைத்திருக்கும். அப்பா அதை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிள்ளையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் வேலை.

எங்கள் வீட்டில் பால் அம்மாவுடையது, ஐஸ் அப்பாவுடையது. அம்மா பாலைக் கிளறிக் கிளறிச் சுண்ட வைத்து, சர்க்கரை போட்டு ஆற வைப்பாள். அதைத் தகர டப்பாவில் ஊற்றி, டப்பாவை மரப்பீப்பாய்க்குள் நிறுத்தி, சுற்றிலும் ஐஸை உடைத்துப் போட்டு அப்பா கைப்பிடியைச் சுற்றுவார். வெறும் ஐஸில் பால் உறையாது. உப்பு வேண்டும். ஒரு அடுக்கு ஐஸ், ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி ஒரு அடுக்கு ஐஸ், ஒரு பிடி கல்லுப்பு. உப்பு சேர்ந்தால் குளிர் பல் கிட்டுகிற அளவுக்கு ஏறும். ஆனால் ஐஸ் சீக்கிரம் கரைந்துவிடும், மேலே மேலே போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா பேசிக்கொண்டே போடுவார், தூங்கி வழிந்துகொண்டே போடுவார், அந்தக் கை மட்டும் தவறாது.

தங்கச்சிக்குக் கல்வராயன் மலையில் டீச்சர் வேலை. வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சேலைக்கு மடிப்பு வைத்துக் கட்டி வேலைக்குப் போனவள் அவள்தான். அம்மாவுக்கு அதில் இருந்த பெருமையை என்னால் இங்கே எழுதி மாளாது. அவள் லீவுக்கு இறங்கி வருகிற நாளில், விற்றது போக ஒரு சின்ன டப்பா ஐஸ்கிரீமை அம்மா பீப்பாயின் அடியில் பதுக்கி வைப்பாள். மலை பஸ் வந்தால் வரும், வராவிட்டால் வராது. வராத நாளில் டப்பாவைத் திறந்து பார்த்தால் பாலாக இருக்கும். "பரவால்ல, நாளைக்கு வருவா" என்பாள். அந்தப் பாலை எனக்குக் கொடுக்க மாட்டாள். எனக்கு அதில் வருத்தம்தான், இப்போது சொன்னால் என்ன.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்த வருஷங்கள் அவை. ஊரில் அதைத் தவிர வேறு பேச்சு இல்லை. கேட்பது நியாயம்தான் என்று அப்பா சொன்னார். நிழல் தருகிற மரத்தை வெட்டியது நியாயமில்லை என்று அம்மா சொன்னாள். இரண்டு பேரும் அத்தோடு விட்டுவிட்டார்கள். ரோட்டோரப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. போலீஸ் வந்த ஊர்களைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தோம்.

மரங்கள் விழுந்ததற்கு முந்தின நாள் நான் ஐஸ் எடுத்து வந்திருந்தேன். ஆவணியின் கடைசி முகூர்த்தம். உள்ளூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வழக்கத்தைவிட ஜாஸ்தியாக ஐஸ் வாங்கி, மரப்பெட்டியில் உமி போட்டு மூடி வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வர வழியில்லை. கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அம்மா அதற்கு முன்பே பாலைச் சுண்டக் காய்ச்சி வைத்திருந்தாள். "நாளைக்குப் போட்டு தெருவுல இருக்கற புள்ளைங்களுக்குக் குடுத்துடலாம், வுடு" என்றாள். அவள் இருந்து சொன்ன கடைசித் திட்டம் அதுதான்.

மறுநாள் காலையில் அந்தப் பாலைக் கெடாமல் இருக்க அடுப்பில் ஏற்றிவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்று சுவரோரமாக உட்கார்ந்தாள். ஐஸ்கிரீம் போட வந்திருந்த நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். அப்பா கூப்பிட்ட குரலில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வண்டி இருந்தால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்போம். போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று யாருக்குத் தெரியும். தெரு முனையிலிருந்த கம்பவுண்டர் ஓடி வந்தார். கையைப் பிடித்துப் பார்த்தார், அப்புறம் அந்தக் கையை மெதுவாகத் தரையில் வைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோனது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் காலையில் செத்தால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். ஆனால் தங்கச்சி மலைமேல் இருந்தாள். போன் கிடையாது, பஸ் கிடையாது. என் வீட்டுக்காரர் யாரும் சொல்லாமலே சைக்கிளை எடுத்தார். அடிவாரம் வரை ஓட்டலாம், அதற்குமேல் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டும். அவர் மேலே போய்ச் சேர இருட்டிவிடும், அவளைக் கூட்டிக்கொண்டு இறங்க மறுநாள் ஆகிவிடும். எங்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

"நாளைக்கு வரிக்கும் எப்டிங்க வெக்கறது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஐஸ் இருக்குது. அவ வந்து மூஞ்சியப் பாக்கற வரிக்கும் நான் வெச்சிக்கினு இருக்கேன்" என்றார்.

இன்றைக்கு ஒரு போன் செய்தால் கண்ணாடிப் பெட்டி வீட்டு வாசலில் வந்து இறங்குகிறது. ஐஸ்கிரீம் கடைக்காரர்களுக்குக் குளிர்வண்டி வருகிறது, அரை மணி தாமதம் என்றால் டிரைவரே போனில் மன்னிப்புக் கேட்கிறான். அன்றைக்கு எங்கள் ஊரில் செத்தவளைக் குளிரில் வைக்கக்கூடிய ஒரே ஆள் எங்கள் அப்பா. அதில் எனக்குக்கூட ஒரு நிமிஷம் பெருமை வந்தது. பணக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் பயன்பட்ட தொழில், நம்முடைய வீட்டுக்கும் ஒரு நாள் பயன்பட்டதே என்று நினைத்தேன்.

உள்ளே பெண்கள் அம்மாவைக் குளிப்பாட்டிச் சேலை மாற்றினோம். கூடத்தில் அப்பா மரச் சுத்தியலால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் யார் வீட்டிலோ விசேஷம் என்று அர்த்தம். நான் காதைப் பொத்திக்கொண்டேன். தகரத் தட்டுகளைத் தரையில் வரிசையாகப் போட்டு, ஐஸைப் பரப்பி, ஓரத்தில் உமி கட்டி, மேலே வாழையிலை விரித்து வைத்திருந்தார். அம்மாவைத் தூக்கி அதன்மேல் கிடத்தினோம். அப்பா தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். பெட்டியில் மீதி இருந்த ஐஸைப் பார்த்துப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு கல்யாணத்துக்குப் போதுகிற ஐஸ், நாளை மதியம் வரை தாங்கும் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

தாங்கவில்லை. மதியம் தாண்டியதுமே தட்டுகள் நிறைந்து வழிந்தன. தண்ணீர் கூடத்திலிருந்து வாசலுக்கு ஓடியது. துணி போட்டு ஒற்றி ஒற்றிப் பிழிந்தோம். பொழுது இறங்கும்போது அம்மாவுக்குக் கீழே கைப்பிடி ஐஸ்தான் மிச்சம். "இன்னா இது, ஐஸ்ஸா வேற எதுனாவா, இப்டி ஓடுது?" என்று ஒரு பெரியம்மா கேட்டாள். எனக்கு ஐஸ் கம்பெனிக்காரர் மேல் ஆத்திரம் வந்தது. தண்டு ஐஸைத் தலையில் கட்டிவிட்டான் பாவி என்று வாய்விட்டே திட்டினேன்.

அப்போது பக்கத்து வீட்டு ஆடு ஒன்று வாசலுக்கு வந்தது. விரட்டினால் போய்விட்டுத் திரும்ப வந்தது. தண்ணீர் ஓடிக் காய்ந்த இடத்தை நக்கியது. தரை முழுக்க நக்கிக்கொண்டே படி வரைக்கும் ஏறியது. அங்கே நக்குவதற்கு என்ன இருக்கிறது என்று குனிந்து பார்த்தேன். சிமெண்டுத் தரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடு காய்ந்திருந்தது.

கூடத்துக்குப் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் காதிலும் விழாமல், "அப்பா, உப்பு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். விரல் இடுக்கில் இரண்டொரு கல் ஒட்டியிருந்தது. "போட்டனா?" என்றார். பிறகு, "கை போட்டுடுச்சும்மா" என்றார்.

அவர் வாழ்நாளில் உப்பில்லாமல் ஐஸைத் தொட்டதே இல்லை. உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும் என்பதை எங்கள் ஊருக்கே சொல்லிக் கொடுக்கக்கூடியவர் அவர். அம்மாவை நன்றாகக் குளிரில் வைக்க வேண்டும் என்று மனசு நினைத்தது, மனசு நினைத்ததைக் கை தனக்குத் தெரிந்த வழியில் செய்துவிட்டது. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் வெறும் ஐஸைத்தான் போட்டிருப்பார்கள், அம்மா மறுநாள் வரை தாங்கியிருப்பாள்.

உப்பு இன்னொன்றும் செய்திருந்தது. முதுகுப் பக்கம் கல்லாக உறைந்துவிட்டது. குளிர் முழுவதும் கீழேயே நின்றுவிட்டது. முகத்துக்கு அது வந்து சேரவே இல்லை. தங்கச்சி வந்து பார்க்க வேண்டியது முகத்தை. ஆவணி வெயிலில், கூட்டம் மொய்த்த கூடத்தில், அந்த முகம்தான் முதலில் மாற ஆரம்பித்தது.

அன்றைய ராத்திரியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. நைனார்பாளையத்திலிருந்து பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், ஆள் போய்ச் சொன்னதும் பிறந்த வீட்டுச் சேலையோடும் மகனோடும் வந்து சேர்ந்தார். ரோட்டை விட்டு வாய்க்கால் கரைகளில் சைக்கிளை ஓட்டிக்கொண்டும் தூக்கிக்கொண்டும் வந்திருந்தார். அவர் வந்த பிறகு எப்போது எடுப்பது என்பது அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அப்பா அவர் முன்னால் போய் நின்றார். மைத்துனர் முன்னால் அவர் அப்படிக் கை கட்டி நின்று நான் பார்த்ததில்லை.

"ஐஸ் வந்துடும் மச்சான். பெரியவ போய் எடுத்துக்கினு வந்துடுவா. சின்னது வர்ற வரிக்கும் பொறுங்க."

"ரோடே இல்லயே மாப்ள, எங்க போயி எடுக்கறது?" என்றார் மாமா. ஆனாலும் என்னைப் பார்த்து, "சீக்கிரம் வந்துடும்மா" என்றார்.

விடியும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கரும்பு ஏற்றுகிற மாட்டுவண்டியைப் பூட்டினார். சின்ன மரங்கள் கிடந்த இடத்தில் வயலில் இறங்கிச் சுற்றிப் போனோம். கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது ஒரு பெரிய புளியமரம் வாய்க்காலுக்கும் சுவருக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு கிடந்தது. வண்டி அதைத் தாண்டாது. வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டு நான் கிளைகளுக்குள் புகுந்து ஏறினேன். மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவன் கையை நீட்டி மறித்தான்.

"எங்கக்கா போற?"

"ஐஸ் கம்பெனிக்கு."

"ஊரே தீயாக் கெடக்குது, உனக்கு ஐஸ் கேக்குதா?"

"எங்கம்மா செத்துட்டாங்கடா" என்றேன். அடிக்கப் போகிறவள் மாதிரி சொன்னேன். அங்கேயே கிளையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். செத்த வீட்டில் அழாதவள், அந்த அந்நிய ஆட்கள் நடுவில் அழுதேன். அவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவன் சிறு கிளைகளை வளைத்துப் பிடித்து வழி விட்டான். "நீ போய் வாங்கியாக்கா, இந்தாண்ட தூக்கி வுட நாங்க இருக்கோம்" என்றான்.

ஐஸ் கம்பெனி வாசலில் யாருமே இல்லை. ஒரு மீன் வண்டி இல்லை, சோடாக்காரர் இல்லை. கம்பெனிக்காரர் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வந்த கோலத்தைப் பார்த்து எழுந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே போய்த் தானே தொட்டியிலிருந்து ஒரு முழுப் பாளத்தை இறக்கினார். அந்தப் பக்கம் இருப்பது இந்தப் பக்கம் தெரிகிற ஐஸ், நடுவில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. உமியை அள்ளி அள்ளிப் போட்டு, இரண்டு சாக்கை நனைத்துச் சுற்றி, கயிறு கட்டி, தன் கம்பெனித் தள்ளுவண்டியில் ஏற்றி, தள்ள ஒரு ஆளையும் கூட அனுப்பினார். "அம்மா நல்லா பால் காச்சுவாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். இத்தனை வருஷத்தில் எனக்கு முதல் ஐஸ் கிடைத்தது அன்றைக்குத்தான். மீன் வராததால் கிடைத்ததா, அம்மா செத்ததால் கிடைத்ததா என்று பிறகு யோசித்திருக்கிறேன். அன்றைக்கு யோசிக்க நேரம் இல்லை.

மரத்தடியில் அவர்கள் சொன்னபடி காத்திருந்தார்கள். பாளத்தைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் இருவர், பின்னால் இருவர். ஒருவன் மேலே நின்று கிளையைப் பிடித்துக்கொண்டான். "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே, சட்டை நனைய நனைய, அந்தப் பக்கத்து வண்டியில் இறக்கினார்கள். ஊருக்குள் இன்னும் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. அந்த மரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் மறியல் நின்றது.

மாட்டை அடிக்க வேண்டாம் என்று சொல்லுகிற ஆள் நான். அன்றைக்கு, "அடிச்சி ஓட்டுங்கண்ணா" என்றேன். ஒவ்வொரு பள்ளத்திலும் திரும்பிச் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். பாளம் குறையவே இல்லை. இதை அடியில் வைத்தால் போதும், தலைமாட்டில் ஒரு துண்டை உடைத்து வைக்கலாம், முகத்துக்குக் குளிர் போகும், அவள் வந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஊர் எல்லையில் பறை கேட்டது.

எதிரே பாடை வந்தது. எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லாததால் மாமாவின் மகன் கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். நான் வண்டியிலிருந்து குதித்து ரோட்டின் நடுவில் நின்றேன். மூன்று நாளாக ஊரெல்லாம் ரோட்டை மறித்தார்கள் அல்லவா, அன்றைக்கு நானும் மறித்தேன்.

"ஐஸ் வந்துடுச்சு மாமா, திருப்புங்க. வூட்டுக்குத் திருப்புங்க."

மாமா கிட்டே வந்து என் தலையில் கை வைத்தார். "எடுத்த பாடை வூட்டுக்குத் திரும்பாதும்மா. உனக்குத் தெரியாதா?"

"அவ வந்துக்கினு இருப்பா மாமா. வழியிலதான் இருப்பா."

"மூஞ்சி பாக்கற மாதிரி இல்லம்மா" என்றவர் அழ ஆரம்பித்துவிட்டார். "எந்தங்கச்சிய நான் அவசரமா எடுப்பனா? சின்னது இத்தப் பாத்தா தாங்காது. அவளுக்குப் பழைய மூஞ்சியே இருக்கட்டும்."

அவரைத் திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று நினைவில்லை. பாடை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. கடைசியில் அப்பா வந்தார். வண்டியில் இருந்த சாக்கு மூட்டையைப் பார்த்தார். ஐஸ் வந்தால் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் இருக்க மாட்டார். அன்றைக்குத் தொடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வெள்ளைக் கோடுகள் போயிருந்தன. வண்டிக்காரர் பாளத்தை என்ன செய்வது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் முருங்கை மர நிழலில் இறக்கிவிட்டுப் போனார். அடக்கம் முடிந்து, குளித்து, விளக்கைப் பார்த்துவிட்டு அப்பா நேராக அங்கே வந்தார். அவிழ்ந்திருந்த கயிற்றை இறுக்கினார். சிந்திய உமியை ஒன்றுகூட்டி ஓரத்தில் அணைத்தார். சாக்கு காயக் காயத் தண்ணீர் தெளித்தார். அப்புறம் அதன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் தங்கச்சி வந்தாள். மலை முழுக்க நடந்து இறங்கியிருந்தாள். செருப்பு அறுந்து, சேலை ஓரமெல்லாம் செம்மண். அவளுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கழுவின வாசலையும் காலியான கூடத்தையும் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கையில் ஒரு முடிச்சு அரிசி இருந்தது. வாய்க்கரிசி போட மேலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

"அப்பா எங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் பின்பக்கம் கையைக் காட்டினேன்.

அவள் அழுதுகொண்டு போகவில்லை. கோபத்தோடு போனாள். கோபம் என்னுடைய குணம், அவளுடையது அல்ல. அவர் எதிரில் போய் நின்று, "ஊரு கல்யாணத்துக்கெல்லாம் ஐஸ் போட்டீங்களே, எங்கம்மாவ ஒரு நாளு வெச்சிருக்க முடியலயா உங்களால?" என்று கேட்டாள்.

நான் குறுக்கே பேசப் போனேன், அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். சாக்கை ஒவ்வொன்றாக விலக்கி, உமியைக் கையால் துடைத்துவிட்டார். பாளம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் இருந்த முருங்கை வேர்கூட அதற்குள் தெரிந்தது.

தங்கச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் மண்ணில் உட்கார்ந்தாள். அரிசி முடிச்சை மடியில் போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஐஸின் மேல் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்தாள். அம்மா என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. கன்னம் மரத்துப்போயிருக்கும், அவள் எடுக்கவில்லை. விறைத்துவிடப் போகிறதே என்று நான் அவள் தோளைத் தொட்டு எழுப்பப் பார்த்தேன்.

"வுடும்மா, இருக்கட்டும்" என்றார் அப்பா என்னிடம். அப்புறம் அவள் பக்கம் குனிந்து, பேப்பர் கப்பில் ஐஸ்கிரீம் வைத்துக் கொடுக்கும்போது பேசுகிற அந்தத் தணிந்த குரலில் சொன்னார்.

"எவ்ளோ நேரம் வேணா இரும்மா. இதுல உப்பு போடல. சீக்கிரம் கரையாது."